வெளியே வந்த நேரம்

ஆர்னி ருவோனாவைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாக இருக்கக் கூடாது. அவனால் நான் ஒரு ராத்திரி முழுக்கச் சதுப்பில் கிடந்தேன். என்னால் அவன் இரண்டு மாதம் தலைநிமிராமல் திரிந்தான். ஆனால் எங்கள் ஊரில் மற்றவர்கள் முதலில் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், பிறகு தொப்பென்று கீழே போட்டார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, எழுபத்தொன்று. ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். அப்போதே அவன் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டிருப்பான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வளர்ந்து காகித ஆலையில் எடை மேடைக் குமாஸ்தா ஆனான். மரம் ஏற்றிய லாரி உள்ளே வந்த நேரம், காலி லாரி வெளியே போன நேரம், இதை எழுதுவதுதான் வேலை. முப்பத்தோரு வருஷம் எழுதினான். ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில், உள்ளே வந்து வெளியே போகாத லாரி ஒன்றுகூடத் தன் பதிவேட்டில் கிடையாது என்று எழுந்து நின்று சொன்னான். "பின்ன என்ன ஆர்னி, லாரி உள்ளேயே குடும்பம் நடத்துமா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

மனைவி ஈவ்லின் இறந்த வருஷம் அவன் வளையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். சம்பளம் கிடையாது. வன இலாகா ஒரு தொப்பியும் ஒரு சட்டையும் கொடுத்தது.

வளையம் என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான். சதுப்புக் காட்டுக்குள் ஏழு மைல் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் நடைபாதை. பெரிய ஏற்றம் இல்லை, மூச்சு வாங்காது. ஆனால் கால் நனையாமல் யாரும் திரும்பியதில்லை. ஹெம்லாக் மரங்கள் நிற்கும் மேட்டில் தொடங்கி, சீடர் சதுப்புக்குள் இறங்கி, பீவர்கள் அணை கட்டித் தேக்கிய குளத்தைச் சுற்றி, பாசி மெத்தையின் மேல் போட்ட பலகைகளில் நடந்து மறுபடி மேடேற வேண்டும். அது காப்புக்காடு. உள்ளே மோட்டார் ரம்பம் கொண்டுபோகக் கூடாது. மரம் விழுந்தால் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கைரம்பத்தால் அறுக்க வேண்டும். அந்த வயதிலும் ஆர்னி ஒரு முனையைப் பிடிப்பான்.

ஆனால் அவன் உயிர் இருந்தது அந்தப் பெட்டியில். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் மூடி போட்ட மரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பேனாவில் மை உறைந்துவிடும் என்பதால் பென்சிலைத் தன் கத்தியால் சீவி வைப்பான். தினமும் சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பான். வெளியே வந்த நேரம் எழுதாத ஆளின் வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தால் காத்திருப்பான். இருட்டியும் ஆள் வரவில்லை என்றால் ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போடுவான். இப்படி நாலு பேர் பிழைத்திருக்கிறார்கள். அதை நான் மறுக்க மாட்டேன்.

என்னிடம்தான் அவன் பாச்சா பலிக்கவில்லை. நான் வண்டியில் வருவதில்லை. வளையம் என் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது, நடந்தே போவேன். போகும்போது நேரத்தை எழுதுவேன். திரும்பும்போது பெட்டிவரைக்கும் வர மாட்டேன். கால் மைலுக்கு முன்பே மான் தடம் ஒன்று பிரிந்து நேராக என் சமையலறை வாசலுக்கு வரும், அதில் இறங்கிவிடுவேன்.

"வெர்னா, கால் மைல் நடந்து ரெண்டு நம்பர் எழுதினா குறைஞ்சா போயிடுவ?" என்பான்.

"ஏழு மைல் நடந்துட்டு வர்றேன். இன்னும் கொஞ்சம் உனக்காக வேற நடக்கணுமா?"

"எனக்காக இல்ல. உனக்காகத்தான்."

"நான் வெளிய வந்தது எனக்குத் தெரியும். போய் லாரியை எண்ணு, போ."

அவன் விடவில்லை. என் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தால் நேராக என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவான். நான் திறப்பேன். "சரி" என்பான், போய்விடுவான். அடுத்த நாள் காலையில் போய், எனக்காக அவன் முன்தினத்து நேரத்தை எழுதுவான் போலிருக்கிறது. அதாவது, என்னைக் கண்ணால் பார்த்த பிறகு. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பெண்கள் என் வீட்டு நீராவிக் குளியல் அறையான சௌனாவில் வியர்த்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு உடம்பில் ஆவி பறக்க வெளித்திண்டில் உட்கார்ந்திருந்தோம். ஆர்னி வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வெளிய வந்துட்டியான்னு பாக்க வந்தேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வந்துட்டேன். துண்டை அவுத்துக் காட்டினாத்தான் நம்புவியா?"

அந்தச் சிரிப்பு ஏரி தாண்டிக் கேட்டிருக்கும். மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. ஒரு மாதம் அவனைக் கண்டவர்களெல்லாம் "ஆர்னி, நல்லா எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவன் என் கதவைத் தட்டவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சின்னப் புத்தி. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை, பாசிக்காட்டில் கிரான்பெர்ரி பறிக்கத் தகரவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். 11:30 என்று எழுதினேன். கண்ணாடி இல்லாததால் கோழி கிறுக்கியதுபோல்தான் எழுதினேன். மற்றவர்கள் வளையத்தை இடப்பக்கமாகச் சுற்றுவார்கள். நான் வலப்பக்கமாகப் போவேன். வெயில் முதுகில் விழும், எதிரே வருகிறவர்களைத் திட்டலாம். அன்று யாரும் வரவில்லை. மேட்டில் ஹெம்லாக் நிழல் இருட்டாக இருந்தது. கீழே பாசிவெளியில் டாமராக் மரங்கள் ஊசியிலை முழுக்க மஞ்சளாகி நின்றன. இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும். பழம் பாசியில் பாதி புதைந்து கிடந்தது. முட்டி போட்டு வாளியில் பாதி நிரப்பினேன். நல்ல நாள்தான்.

பறித்து முடித்து மேற்கொண்டு நடந்தபோது பலகைப் பாதையில் ஓர் இடத்தில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தது. அந்தப் பலகை உளுத்துவிட்டது, மிதிக்காதே என்று ஆர்னி கட்டியது. பார்த்தேன். தாண்டிப் போகக் கால் எட்டவில்லை, சுற்றிப் போனால் பாசியில் இறங்கவேண்டும். இவன் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறவன்தானே என்று மிதித்தேன். பலகை முறிந்து கால் முழங்கால்வரை உள்ளே போனது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

காலை வெளியே இழுக்க ஒரு மணி நேரம் ஆனது. நிற்க முடியவில்லை. போன் எடுக்காத இடம் அது. கத்தினேன். ஒரு காக்கை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் நான் அப்போது பயப்படவில்லை. ஏன் தெரியுமா? சாயங்காலம் ஆர்னி பெட்டியைத் திறப்பான். உள்ளே போன நேரம் இருக்கும், வெளியே வந்த நேரம் இருக்காது. வருவான். அத்தனை வருஷம் கேலி செய்த அந்தப் பென்சிலை நான் அன்றுதான் முழுசாக நம்பினேன். எப்படியும் ஏழு மணிக்குள் வந்துவிடுவான் என்று, பறித்த பழத்தில் கொஞ்சம் தின்றுகொண்டு காத்திருந்தேன்.

ஏழு ஆயிற்று. வரவில்லை. பாசியைப் பிய்த்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு அந்த ராத்திரியைக் கழித்தேன். பாவாடை நனைந்ததையும் சேர்த்து, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்தில் வெளியே நடந்ததை ஆர்னி பின்னால் என்னிடம் சொன்னான். செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் பெட்டியைத் திறந்தான். என் பெயருக்கு எதிரே காலி. பென்சிலை எடுத்தான், 4:15 என்று எழுதினான், மூடினான், வீட்டுக்குப் போனான். துண்டு விவகாரத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். எங்கே போய்விடப் போகிறாள், வீட்டில்தான் இருப்பாள், கதவைத் தட்டினால் மறுபடி ஊர் சிரிக்கும். காலி இடத்தை அவனால் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. வருஷக் கடைசியில் வன இலாகாவுக்கு அனுப்பும் அறிக்கையில், வெளியே வராதவர்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடுவது அவனுக்கு அவ்வளவு முக்கியம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் என் மகள் ஷெரில் போன் செய்யும் நாள். நான் எடுக்கவில்லை. அவள் ஷெரிஃப் ஆபீசுக்குச் சொன்னாள். துணை ஷெரிஃப் ரஸ் கோஸ்கி வந்து வீட்டைப் பார்த்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான். வெளியே வந்த நேரம் 4:15. அப்படியென்றால் காட்டில் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றில்தான் தேட வேண்டும் என்று முடிவு செய்தான். காலையில் இருபது பேர் கழியும் படகுமாக ஆற்றங்கரையில் கூடிவிட்டார்கள். ஆர்னியும் காப்பிக் குடுவையோடு வந்து நின்றான்.

"உங்க நோட்டு மட்டும் இல்லன்னா அந்த ஏழு மைலையும் இந்நேரம் சலிச்சுக்கிட்டு இருப்போம், ஆர்னி" என்று ரஸ் அவன் தோளைத் தட்டினான். "பெரிய வேலை மிச்சம்."

ஆர்னி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் போதும். சொல்லியிருந்தால் அந்த இருபது பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே போய் ஒன்றரை மணி நேரத்தில் என்னைத் தூக்கியிருப்பார்கள். அவன் வாயைத் திறந்தான், காப்பியைக் குடித்தான். ரஸ் படகுப் பக்கம் போனதும் யாருக்கும் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வளையத்துக்கு வந்தான். தானே போய்க் கண்டுபிடித்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் முழங்கால் தேய்ந்த ஆள். பதற்றத்தில் பழக்கப்படி இடப்பக்கமாகப் போனான். நான் வலப்பக்கமாகச் சுற்றுகிறவள் என்பது பாதி தூரம் போன பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். திரும்பினாலும் அதே தூரம்தான். பீவர் குளம் பெருகிப் பாதையை முழுங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் மரத்தைப் பிடித்துப் பிடித்துக் கடந்தான். நடக்க நடக்க என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தானாம். பதில் வராத ஒவ்வொரு முறையும், "நாலு பதினஞ்சு, நாலு பதினஞ்சு" என்று அவன் வாய் தானாகச் சொல்லியதாம்.

நான் குச்சியால் தகரவாளியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கத்துவதற்குக் குரல் இல்லை. மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அவன் பலகை மேல் வந்து நின்றான். கால்சட்டையில் தண்ணீர் சொட்டியது. தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினான்.

"நான்தான் எழுதினேன், வெர்னா" என்றான்.

"என்னத்தை எழுதின? தண்ணி குடு முதல்ல."

தண்ணீர் கொடுத்தான். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு ஆள் கூட்டி வரப் போனான். தனியாக வந்தவன் வேறு என்ன செய்வான்? என்னைத் தூக்க அவனால் முடியாது. நான் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனான். அந்த ராத்திரியைவிட அடுத்து வந்த அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கொடுமை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே ரஸ் வந்து கேட்டான். "மிஸஸ் பெல்ட்டோ, ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நாலே காலுக்கு வெளிய வந்துட்டீங்க. அப்புறம் எதுக்கு மறுபடி உள்ள போனீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறை வாசலில் ஆர்னி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அதே நிற்பு.

"வாளியை மறந்துட்டேன். எடுக்கப் போனேன்" என்றேன்.

இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். பாதி அதுதான். மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனி இவன் சாகும்வரை என் கைக்குள் என்று ஒரு சந்தோஷம் எனக்குள் ஓடியது. அப்படித்தான் நடந்தது. கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்தேன். தினமும் காலையில் வந்து விறகு பிளந்தான், புகைக்குழாய் துடைத்தான், பனி தள்ளினான். நான் ஜன்னல் வழியே "இன்னும் கொஞ்சம் பொடிசா பிள, அடுப்புல போக வேணாமா?" என்று அதிகாரம் பண்ணினேன். ஒரு தடவைகூட அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பொய் என்னையும் சும்மா விடவில்லை. ஷெரில் வந்தாள். அவள் ஐந்து மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள், எதையும் நாலு முறை யோசிப்பவள்.

"அம்மா, ஏழு மைல் நடந்து வெளிய வந்துட்ட. எழுதவே எழுதாதவ, அன்னிக்கு அதிசயமா எழுதியும் வச்சிட்ட. அப்புறம் ஒரு தகரவாளிக்காக, இருட்டப் போற நேரத்துல, மறுபடி உள்ள போயிருக்க. இது சரியான மனுஷி செய்யுற வேலையா?"

என் மூளையைச் சோதிக்க டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு வட்டத்தைக் கொடுத்து அதில் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். "உங்களுக்கு முடியுமா? முதல்ல நீங்க கழிங்க" என்றேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் ஷெரில் தன் ஊரில் முதியோர் இல்லத்தில் எனக்கு அறை பார்த்துவிட்டாள். வீட்டை விற்க ஆள் வரப்போகிறார் என்றாள். நான் பிறந்த வீடு, பின்னால் வளையம் ஓடும் வீடு. பொறுக்க முடியாமல் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அந்த நேரத்தை எழுதியது நான் இல்லை, ஆர்னி என்று.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தியா? இப்ப வேற மாதிரி சொல்ற. உன் உயிரைக் காப்பாத்துனவர் மேலயே பழி போடுற. இதுக்குத்தாம்மா பயப்படுறேன்."

இனி என் வாய்க்கு மதிப்பில்லை. ஆர்னி சொன்னால்தான் உண்டு. காலையில் அவன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து, "டிசம்பர் பத்தாம் தேதி என்னைக் கொண்டுபோறாங்க. வீடு விக்கப்போறாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் "ம்" என்றான். ஒரு கட்டையை எடுத்து அடுக்கினான். அந்தக் கட்டையாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் ஊர் மண்டபத்தில் அவனுக்குப் பாராட்டு வைத்தார்கள். எல்லோரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தார்கள். சீடர் பலகையில் அவன் பெயரைச் செதுக்கிக் கொடுத்தார்கள். நான் ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். ஷெரில் அவனைக் கட்டிப் பிடித்து நன்றி சொன்னாள். அவன் தட்டில் வைத்த, இறைச்சி திணித்துச் சுட்ட பேஸ்ட்டி ஆறிப்போய் அப்படியே இருந்தது. சாப்பாடு முடியும் முன்பே எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் அவன் விறகு பிளக்க வந்தபோது பார்த்தேன். அந்தப் பலகை வண்டியின் பின்னால் விறகோடு விறகாகக் குப்புறக் கிடந்தது.

டிசம்பர் எட்டாம் தேதி. ஷெரில் என் காப்பிக் கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. தினமும் விறகுக் கொட்டகைக்கு வருகிறவன் கதவைத் தட்டி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆர்னி ஒரு அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றான். உள்ளே வளையத்தின் பழைய நோட்டுகள். மேஜையில் வைத்தான். உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

"ஷெரில், உங்கம்மா கையெழுத்து உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். ஏன்?"

"உள்ள போன நேரம் அவ எழுதினது. வெளிய வந்த நேரம் எல்லாம் நான் எழுதினது. பாரு."

ஷெரில் புரட்டினாள். அவனுடைய எண்கள் எடை மேடைக் குமாஸ்தாவின் எண்கள், அச்சடித்ததுபோல் நிற்கும். என்னுடையவை காற்றில் சாய்ந்த வேலி. பச்சைக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். அவள் ஒரு பக்கம் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள்.

"நாலு பத்து. மூணு அம்பது. நாலு அஞ்சு. எல்லாம் வேற வேற நேரமா இருக்கே?"

"உண்மை மாதிரி இருக்கணும்னு மாத்தி மாத்திப் போட்டேன்" என்றான் ஆர்னி. இதைச் சொல்லும்போது அவன் கழுத்துவரைக்கும் சிவந்துபோனான். "நூத்தி நாப்பத்தி மூணு தடவை. அன்னிக்கு நாலு பதினஞ்சும் நான்தான். அவ வெளிய வரவே இல்ல. வாளிக்காகத் திரும்பிப் போகவும் இல்ல. அவளுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. காலையிலேயே ரஸ்கிட்டச் சொல்லிட்டேன்."

ஷெரில் கையில் இருந்த நோட்டைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குக் காலையில நீங்க ஆத்தங்கரையில நின்னீங்களே. ரஸ் உங்க தோளைத் தட்டுனாராமே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கம்மா அங்க கிடக்குறப்ப, நீங்க காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்." பிறகு, கேட்காமலேயே சொன்னான்: "ஏழு அஞ்சுலருந்து ஏழு இருபத்தஞ்சு வரைக்கும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள். அதுதான் எனக்கு வலித்தது.

"நீ ஏம்மா பொய் சொன்ன? அவருக்காகவா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆர்னி அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை. "அவன் எனக்கு அடங்கி இருக்கட்டும்னு சொன்னேன்" என்றேன். "விறகு பிளக்கட்டும்னு." மகள் முன்னால் அப்படிக் குறுகிப்போனது எனக்கு அதுவே முதல்முறை. இன்னொன்றையும் சொன்னேன். "அந்தப் பலகையில ரிப்பன் கட்டியிருந்தான். பாத்துட்டுத்தான் மிதிச்சேன்."

ஷெரில் நோட்டுகளைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு செய்தித்தாளில் சுற்றிய கோப்பைகளில் மூன்றைப் பிரித்து எடுத்துக் கழுவினாள், காப்பி ஊற்றினாள். ஆர்னி முன்னால் வைக்கும்போது கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள். காப்பி மேஜையில் சிந்தியது. "குடிங்க. அப்புறம் போங்க. இன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாக்க என்னால முடியல" என்றாள். அவன் சொன்னபடி குடித்துவிட்டுப் போனான்.

நான் என் வீட்டிலேயே இருக்கிறேன். ஆர்னி தொப்பியையும் சட்டையையும் வன இலாகாவில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடையில் அவன் நுழைந்தால் இப்போது பேச்சு நின்றுவிடுகிறது. முன்பு துண்டைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான், இப்போது அவனிடம் நேரம் கேட்கக்கூட யோசிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவள் நான் என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அது வேறு, இது வேறு என்கிறார்கள். வேறு இல்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் மாதம் கால் சரியானதும் மறுபடி வளையத்தைச் சுற்றத் தொடங்கினேன். இப்போது ஒரு இளம் தம்பதி அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதே பெட்டி, அதே பென்சில், ஆனால் மழுங்கலாக இருக்கிறது. திரும்பி வரும்போது மான் தடத்தில் இறங்காமல் பெட்டிவரைக்கும் நடக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளியே வந்த நேரத்தைப் பெரிதாக, தெளிவாக எழுதுகிறேன்.

ஆர்னி சாயங்காலம் இன்னும் அங்கே வருகிறான். பொறுப்பு ஒன்றும் இல்லை, சும்மாதான் வருகிறான். பெட்டியைத் திறந்து நான் எழுதியதைப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதியிருப்பதை நம்புவதை அவன் விட்டுவிட்டான். படித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். எந்த வேலையாக இருந்தாலும் நான் எழுந்துபோய்த் திறக்கிறேன், அவன் பார்க்கும்படி வெளிச்சத்தில் நிற்கிறேன்.

"வந்துட்டேன், ஆர்னி" என்கிறேன்.

"சரி" என்கிறான். போய்விடுகிறான்.